படையும் மக்களாட்சியும்

படை, நாட்டைக் காக்கும் வேலி. வேலியே பயிரை மேயத் தொடங்கினால் குடிகளுக்குப் புகலிடம் ஏது?

ஆங்கிலேயர் ஆட்சியில் தலைமைப் படைத்தலைவர் வைசிராயின் ஆட்சிக்குழுவிலேயே உறுப்பினராக வீற்றிருந்தார். விடுதலைக்குப் பின் அந்நிலை மாறிற்று. படைத்துறை, மக்களுக்குப் பொறுப்புடைய அமைச்சரின்கீழ் வந்தது.

கொங்கு நாட்டுக் கோயம்புத்தூரில் பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அவர் 1947 நவம்பர் 26ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தார். ஏழரைத் திங்களுக்குரிய அத்திட்டத்தில் மொத்தச் செலவு 197.39 கோடி ரூபாய். அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி. செலவில் ஏறத்தாழப் பாதி படைக்கே உரியதாயினும், அப்பணத்தை மக்கள் பேராளரின் இசைவு பெற்றே செலவிட வேண்டியிருந்தது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், படைகளின் உயர் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்து, அதனையும் சட்டத்திற்கு உட்படுத்தியது. 1955இல் முப்படைத் தளபதிகளும் தாங்கியிருந்த ‘தலைமைப் படைத்தலைவர்’ என்னும் பட்டம் நீக்கப்பட்டது.

பாகிஸ்தானில் 1958இலும் பர்மாவில் 1962இலும் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். இந்தியாவில் அவ்வாறு நிகழவில்லை. கருவூலத்தின் திறவுகோல் மக்கள் மன்றத்தின் கையில் இருப்பதும் அதற்கு ஒரு காரணமாகும். வீரம் படைக்கு அழகு. சட்டத்திற்கு அடங்கி நிற்றல் அதனினும் சிறந்த அழகு.