பழைய நிலைக்காலில் ஒரு தச்சு மேசை

எங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம் ஓட்டு வீடுகளை இடித்துத் தளம் போட்ட வீடு கட்டுகிறோம். இடித்த வீட்டின் நிலை, உத்திரம், சட்டமெல்லாம் பெரும்பாலும் விறகு விலைக்குப் போய்விடுகிறது. வங்கியில் இருந்தவன், கணக்காகவே சொல்கிறேன். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். எரித்தால் புகை, மேசையாக்கினால் அடுத்த தலைமுறைக்கும் இருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீட்டு மரச் சாமான்களுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறதே, சும்மாவா? பல வருஷம் காய்ந்த மரம், பச்சை மரம்போல முறுக்கிக்கொள்ளாது.

தோட்டத்தில் மேசை ஒன்று இருந்தால் மண்வெட்டிக் காம்பு, விதைப்பெட்டி, தேனீப்பெட்டி வேலைகளை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

மரம்: நாலுக்கு மூணு அங்குல நிலைக்கால்கள் எட்டு, அதாவது நான்கு நிலை. முனையில் துளை உள்ள பகுதியை அறுத்துவிட்டு ஆறடி எடுங்கள். மொத்தம் 4 கன அடி. தேக்கானால் எழுபது கிலோவுக்கு மேல் வரும். அந்தக் கனம்தான் இழைக்கும்போது மேசையை ஆடாமல் நிறுத்தும். சுவரோடு ஒட்டியிருந்த பக்கத்தை உளியால் குத்திப் பாருங்க. கரையான் அங்கேதான் இருக்கும்.

சுத்தம்: காந்தத்தால் தடவி, ஆணி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற கட்டாய வரம்பு 2017 நவம்பரில்தான் வந்தது. அதனால் பழைய பெயின்டைக் காய்ந்தபடி தேய்க்கவோ எரிக்கவோ கூடாது. முகக்கவசம் போட்டு, ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். சுரண்டியது எருக்குழிக்குப் போகவே கூடாது.

ஒட்டுதல்: மூணு அங்குலப் பக்கம் மேலே வருகிறபடி எட்டையும் வரிசையாக நிறுத்தினால் இரண்டடி அகலம். கதவு படிந்த காடி கீழே இருக்கட்டும். ஒட்டும் பக்கங்களை அன்றைக்கே இழைத்து, மரப்பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒருநாள் விடுங்கள். கிளாம்ப் இல்லையென்றால் ஆசாரியிடம் இரவல் கேளுங்க.

மட்டம்: நேரான இரண்டு ரீப்பரை இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். தூக்கலாக உள்ள மூலையை இழைப்புளியால் குறையுங்கள்.

கால்: மரம் ஐப்பசி மழையில் அகலவாக்கில் விரியும், சித்திரையில் சுருங்கும், நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. ஆகவே நடு போல்ட்டை இறுக்கி, ஓரத் துளைகளை அகலவாக்கில் நீட்டி விடுங்கள். எல்லாத்தையும் இறுக்கினால் பலகை வெடிக்கும். உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரை.

எண்ணெய்: ஆளிவிதை எண்ணெய் போதும், வார்னிஷ் வழுக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். 

ஊரில் வீடு இடிக்கிற சேதி வந்தால், ஜேசிபி வருவதற்கு முன்னாடியே போய்ப் பேசிடுங்க. கடப்பாரையால் பக்குவமாகக் கழற்றிய நிலைக்கால்தான் மேசைக்கு ஆகும், உடைந்தது விறகுக்குத்தான்.