பிறர் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும்



1820-ம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து சில போதகர் குடும்பங்கள் ஹவாய்த் தீவுகளில் வந்திறங்கின. அவர்கள் நம் திருச்சபையாரல்ல, புரோட்டஸ்தாந்தார். ஆயினும் அவர்கள் பட்ட வேதனையில் நமக்கொரு பாடம் உண்டு.

அவர்களில் சிபில் பிங்காம் அம்மாள் வந்த வருடமே ஹொனலுலுவில் பள்ளி தொடங்கினார். போதகர் மனைவிமார் ஊராருக்கு எழுத்துக் கற்பித்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் வீட்டில் தாங்களே ஆசிரியைகளானார்கள். சமையல், தையல், வந்து போவோர், இவற்றுக்கு நடுவே பாடம் எப்படி நடக்கும்? மேலும், ஊர்ப் பிள்ளைகளோடு பழகினால் கெட்டுப்போவார்கள் என்று பயந்து, வேலிக்குள்ளேயே வளர்த்தார்கள். யாருக்காகக் கடல் கடந்தார்களோ, அவர்களையே தங்கள் மக்களுக்கு அந்நியராக்கியது அவர்கள் குறை.

முடிவில், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமலே கப்பலேற்றி, பல மாதப் பிரயாணமாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். சிபிலின் மகள் சோபியாவும் அப்படியே போனாள். 1840-ல் ஹவாயை விட்டுப் புறப்படும் வரை பெற்றோர் அவள் முகம் காணவில்லை. இத்தகைய பிரிவு பொறுக்காமலே 1841-ல் அங்கே புனஹௌ பள்ளி ஏற்பட்டது. மறு வருடம் 15 பிள்ளைகளோடு வகுப்பு ஆரம்பமாயிற்று.

நமக்கோ குறுக்கே கடல் இல்லை. பிள்ளைகள் நம் பக்கத்திலேயே உறங்குகிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபை, மரியாயின் சேனை என்று பிறருக்காக ஓடுகிறோம், நல்லதே. ஆனால் நம் பிள்ளைக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து எத்தனை நாளாயிற்று?

இன்றிரவு செபமாலை முடிந்ததும் கால்மணி நேரம் அவனோடு உட்காருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்தால், அவனையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள்.