தாய் ஊற்றிய தண்ணீர்

கேள்வி: ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' கதையில் வரும் தாய், அந்நியன் ஒருவனின் பாலியல் அத்துமீறலுக்கு ஆளாகி வீடு திரும்பும் மகளை மன்னிக்கிறாளா, ஊருக்குப் பயந்து மறைக்கிறாளா? எங்கள் வாசகர் வட்டத்தில் பெரிய விவாதம்.
– வாசகி, வைட்ஃபீல்ட், பெங்களூரு

பதில்: இரண்டுமே பாதிதான். அக்கம்பக்கத்தாரிடம் மழையில் நனைந்துவிட்டாள் என்று அவள் சமாளிப்பது பயத்துக்குச் சான்று. அதை ஒதுக்க முடியாது. ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் என்ன செய்கிறாள்? மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊருக்காக மட்டும் என்றால் இது தேவையே இல்லை. மன்னிப்பும் அல்ல, மகளிடம் கறை தங்கவில்லை என்பதே அவள் முடிவு.

ஆசிரியரின் வாதத்தைத் தலைப்பில் தேடுங்கள். சீதை இறங்கியது நெருப்பில். இந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது தாய் ஊற்றும் தண்ணீர். 1966-இல் ஆனந்த விகடனில் வெளியாகிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்த கதை இது. பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், அதே சம்பவத்தில் தாயின் செய்கையை மட்டும் மாற்றினார்: அவள் கூச்சலிடுகிறாள், விஷயம் வெளியே தெரிகிறது, மகள் கங்காவின் வாழ்க்கையே திசைமாறுகிறது. பெண்ணைக் கெடுப்பது அந்தச் சம்பவமா, சுற்றியிருப்பவர்களின் தீர்ப்பா என்று ஜெயகாந்தன் கேட்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.