கம்பிமுடி வேட்டைநாய்

தாடி வைத்த நாயைக் கண்டால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். ஜெர்மனியில் ‘டாய்ச் டிராட்ஹார்’ என்றும் ஆங்கில வழக்கில் ‘ஜெர்மன் வயர்ஹேர்டு பாயிண்டர்’ என்றும் அழைக்கப்படும் வேட்டைநாய்க்குத் தாடி மட்டுமல்ல, மீசையும் அடர்ந்த புருவமும் உண்டு. ஜெர்மன் மொழியில் ‘டிராட்’ என்றால் கம்பி. ‘ஹார்’ என்றால் முடி. இந்த இனத்தின் இயல்பையும் அதைப் பேணும் முறையையும் அறிய விரும்புவோர் அந்த முடியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேட்டைநாய்களுக்குள் வேலைப் பிரிவினை இருந்தது. மோப்பம் பிடித்து இரையை நின்று காட்ட ஒன்று, புதரிலிருந்து பறவையைக் கிளப்ப ஒன்று, சுடப்பட்டதைக் கவ்வி வர இன்னொன்று. ஜெர்மானிய வேட்டைக்காரர்களோ வயல், காடு, நீர்நிலை மூன்றிலும் உழைக்கும் ஒரே நாயை நாடினர். பூடல்பாயிண்டர், கிரிஃபோன், ஷ்டிஷெல்ஹார், குட்டைமுடிப் பாயிண்டர் ஆகியவற்றின் கலப்பில் இவ்வினம் உருவானது. 1902-இல் இதற்கெனத் தனிச் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தார் அழகைவிடச் செயல்திறனையே பெரிதாக மதித்தனர். அங்கு இனப்பெருக்கத்துக்குரிய நாய்கள் இன்றும் தேர்வுகளில் தேற வேண்டும். இளம் நாய்களுக்கு வசந்த காலத்தில் ஒன்று. இலையுதிர் காலத்தில் நீரில் வாத்தைத் தேடுவது உட்பட இன்னொன்று. (நம்மைப் போல் முதல்நாள் இரவு விழித்துப் படித்துத் தப்பிக்க அவற்றால் முடியாது!)

மேல்முடி 2 முதல் 4 செ.மீ. நீளம் இருக்கும், முரடாக, உடலோடு படிந்து கிடக்கும். அதனடியில் அடர்ந்த உள்முடி. முட்புதரில் புகும்போது தோல் கிழியாமல் காப்பது மேல்முடி. குளிர்நீரில் உடற்சூட்டைக் காப்பது உள்முடி. புருவமும் தாடியும் முகத்துக்குக் கவசம். இந்தத் தாடிக்கும் கம்பிமுடிக்கும் ‘ஆர்.எஸ்.பி.ஓ.2’ என்னும் மரபணுவின் மாற்றமே காரணம் என்பதை 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பராமரிப்பில் பலர் தவறுவது இங்கேதான். முடி நீண்டுவிட்டால் மின்கத்தரியால் மழித்துவிடுகிறார்கள். கம்பிமுடி முதிர்ந்ததும் வேரில் தளர்ந்துவிடும். அதை விரலால் பற்றி, வளரும் திசையிலேயே சிறிது சிறிதாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். முதிர்ந்த முடியாயின் நாய்க்கு வலிக்காது; அந்த இடத்தில் புதிய முரட்டு முடி முளைக்கும். கத்தரித்தாலோ பழைய முடியின் அடிப்பகுதி தோலிலேயே தங்கிவிடும். நாளடைவில் மேல்முடி மென்மையாகி, நிறமும் மங்கும். பஞ்சுபோன்ற முடியில் நீரும் தங்கும், முள்ளும் ஒட்டும். கவசத்தைக் கழற்றிவிட்டுப் போருக்கு அனுப்புவது போலத்தான் இது. அடிக்கடி ஷாம்பு போடுவதும் வேண்டாம். வாரம் ஒருமுறை சீவிவிட்டால் போதும். வெப்பமான நம் நாட்டில் மழித்தால் குளிர்ச்சியாக இருக்குமே என்று கேட்கலாம். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. அதற்கு வேண்டியவை நிழலும் தண்ணீரும், வெயில் ஏறுமுன் ஓட்டமும்.

நீரில் இறங்கி வந்தபின் தொங்கும் காதுகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும். உணவை இருவேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் உயிர் போய்விடும்.

உடலைவிட மனம்தான் சிக்கல். நாள் முழுதும் தேடவும் மோப்பம் பிடிக்கவும் பழக்கப்பட்ட பரம்பரை இது. சங்கிலியில் கிடந்தால் தோண்டும், கடித்துக் குதறும், வேலி தாண்டும். அதன் மேல் குற்றமில்லை. அதற்கு வேலையில்லை, அவ்வளவுதான். சிங்கப்பூர் வீவக வீடுகளில் பொதுவாகச் சிறிய இனங்களுக்கே அனுமதி என்பதால், 68 செ.மீ. உயரம் வரை வளரும் இந்நாய்க்கு அங்கு இடமில்லை. தரைவீட்டில் வளர்க்க நினைப்பவர், குட்டியின் பெற்றோருக்கு எடுத்த இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையையும், இவ்வினத்தில் காணப்படும் இரத்த உறைவுக் குறைபாட்டுக்கான பரிசோதனை முடிவையும் விற்பவரிடம் முதலில் கேட்டுப் பெற வேண்டும்.