கடலடி மண் சொல்லும் மழை வரலாறு

வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கரிவலம்வந்தநல்லூர் வட்டாரக் குளங்கள் வறளும். அம்மழைக்கு ஈரம் ஈவது வங்கக்கடல். வெப்பமானி தோன்றுமுன் அக்கடலின் வெப்பநிலை என்ன? விடை கடலடிப் படிவுகளில் உள்ளது.

ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரிகள் சுண்ணாம்பு ஓடு உடையவை. அவை மடிந்தபின் ஓடுகள் கடலடியில் அடுக்கடுக்காகப் படிகின்றன. நீரின் வெப்பம் மிகுந்தால், ஓட்டில் கால்சியத்தை நோக்க மெக்னீசியத்தின் விகிதமும் மிகும். அதுவே பண்டைய வெப்பநிலையைக் காட்டுகிறது. அதே ஓட்டிலுள்ள ஆக்சிஜன் 18இன் அளவிலிருந்து வெப்பத்தின் பங்கையும் உலகப் பனிப்பரப்பின் பங்கையும் கழித்தால், மழையும் ஆறும் கடலில் சேர்த்த நன்னீரின் ஏற்றத்தாழ்வு புலப்படும்.

பருவமழை வரலாற்றை ஆராய 2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை ஜாய்டீஸ் ரெசொலூஷன் என்னும் கப்பல் வங்கக்கடலிலும் அந்தமான் கடலிலும் துளையிட்டுப் படிவுகளை எடுத்தது. வெப்பமுறும் உலகில் நாளைய மழையைக் கணிக்க, பண்டைய மழையை அறிதல் இன்றியமையாதது.