மூத்திரத் துணிச் சிக்கனம்: புது அம்மாவுக்குச் சில புத்திமதிகள்

பிள்ளை பெற்று அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பெண்கள் இங்கே ஸ்ரீரங்கத்தில் என்னைப் பார்த்தால் கேட்பது இதுதான்: "பேம்பர்ஸ் வாங்கிக் கட்டுப்படியாகல அத்தை, துணிக்கு மாறிடலாமா?" தாராளமாக மாறலாம். ஆனால் செல்போனில் படம் பார்த்து இருபது துணி டயப்பரை ஒரே நாளில் வரவழைத்தால், மிச்சம் பிடிக்க நினைத்த காசு அன்றைக்கே போய்விடும். திருச்சியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது, பழந்துணி இல்லாத வீடும் கிடையாது. இவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரிந்தவளுக்குத்தான் துணி லாபம். மற்றவளுக்கு அது இன்னொரு செலவு.

1. முதலில் கணக்குப் போட்டுப் பார். கடை டயப்பர் ஒன்று 10 ரூபாய், ஒரு நாளைக்கு ஐந்து என்று வைத்துக்கொள். மாதம் 1,500 ரூபாய், வருஷம் 18,000. துணிக்கும் செலவு உண்டு: சோப்புத்தூள், தண்ணீர், மிஷின் ஓடினால் கரண்டு, அதோடு யாரோ ஒருவருடைய இடுப்பு. ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவள் ஆறு வாரத்துக்குக் குந்தி உட்கார்ந்து அலசக்கூடாது, ஈரத்துணி வாளியைத் தூக்கவும் கூடாது. அலச ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பி. இல்லையென்றால் பகலுக்கு மட்டும் துணி போதும். பாதி மிச்சமும் மிச்சம்தான்.

2. கடைக்குப் போகுமுன் பீரோவைத் திற. நாலு முழ வேஷ்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம் இருக்கும். 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் ஆறு துண்டு வரும், எட்டு முழத்தில் பன்னிரண்டு. உனக்கு வேண்டியது 30 துண்டு. எல்லா வேஷ்டியும் ஆகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். உருண்டு ஓடினால் பாலியஸ்டர் கலந்தது, தள்ளிவிடு. விட்டவுடன் உள்ளே இழுத்தால் நல்ல பருத்தி. நைந்துபோன உறையூர்ப் பருத்திப் புடவை கிடந்தால் அதைவிட மெத்தென்று எதுவும் அமையாது. கரையையும் முந்தானையையும் வெட்டி எறிந்துவிட்டு உடலை மட்டும் எடு. ஓரத்துக்குத் தெருமுனைத் தையற்காரரிடம் ஓவர்லாக் போட்டுக்கொள். இல்லாவிட்டால் நூல் பிரிந்து பிள்ளையின் விரலில் சுற்றிக்கொள்ளும். பற்றாக்குறைக்குத் தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடைகளில் மல் துணி மீட்டர் கணக்கில் வாங்கலாம்.

3. கட்டுவதை ஒரு தரம் தலையணையில் பழகு. சதுரத் துண்டைக் குறுக்கே மடித்து முக்கோணமாக்கு. நீளப் பக்கம் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே, கூர்முனை காலுக்கு நடுவே. பழைய பனியனை நான்காக மடித்து நடுவில் வை, ஈரத்தைத் தாங்குவது அதுதான். ஆண் பிள்ளைக்கு அந்த மடிப்பை முன்பக்கம் தள்ளி வை, பெண் பிள்ளைக்கு நடுவிலும் பின்னாலும். கூர்முனையை மேலே கொண்டுவந்து இரண்டு பக்க முனைகளையும் அதன்மேல் முடி. முடிச்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உன் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஊக்கு குத்தாதே. கால்களை நேராக இழுத்துச் சேர்த்துக் கட்டாதே, தவளை மாதிரி அகட்டிக் கிடப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. தொப்புள்கொடி விழும்வரை துணி தொப்புளுக்குக் கீழேயே நிற்கட்டும்.

4. முதல் மாதம் துணிக்கு மேலே எதையும் போட்டு மூடாதே. வெறும் துணி, கீழே ரப்பர் ஷீட், அதன்மேல் ஒரு பருத்தி விரிப்பு. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டிவரும். அலுத்துக்கொள்ளாதே, அதில் ஒரு நன்மை இருக்கிறது. முதல் வாரம் முடிவதற்குள் பிள்ளை நாளொன்றுக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போக வேண்டும், அதுதான் பால் போதுகிறது என்பதற்கு அடையாளம். கடை டயப்பரில் எத்தனை தடவை போனது என்று தெரியாது. துணியில் எண்ணலாம். குறைந்தால் டாக்டரிடம் போ.

5. மேல் கவர் மூன்று வாங்கினால் போதும். துணிக்கு மேலே போடும் நீர் கசியாத உறையை மேம்படுத்தியவர் ஒரு தாய். அமெரிக்காவில் மரியன் டோனவன் என்கிற பெண் 1940-களில் குளியலறைத் திரையை வெட்டித் தைத்துப் பார்த்தார், 1951-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இப்போது வருவது உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி, பட்டன் மாற்றிப் போட்டால் பிள்ளையோடு சேர்ந்து வளரும். வெறும் ஈரமென்றால் உள்ளே துணியை மட்டும் மாற்றி அதே கவரை மறுபடி போடலாம். அதனால்தான் மூன்று போதும் என்கிறேன். அக்கா பிள்ளை போட்ட பழசு கிடைத்தாலும் வாங்கிக்கொள். எலாஸ்டிக் இழுத்தால் திரும்புகிறதா, உள்பூச்சு செதில் செதிலாக உரிகிறதா என்று மட்டும் பார்.

6. உள்ளே ஈரம் உறிஞ்சும் துணியைச் செருகப் பாக்கெட் வைத்த டயப்பர் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு. அதுவும் இரண்டே இரண்டு, இரண்டும் வெவ்வேறு கம்பெனியுடையது. ஒரு பிள்ளைக்குத் தொடை மெலிசு, இன்னொன்றுக்குத் தொடை மடிப்பு மடிப்பாக இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தியது உன் பிள்ளைக்கு ஒழுகும். இரண்டு வாரம் போட்டுப் பார்த்து, எது சரிப்பட்டதோ அதில் இன்னும் நாலைந்து வாங்கு. புதுப் பருத்தியை நாலைந்து தரம் துவைக்காமல் போடாதே. பருத்தியின் மெழுகும் கஞ்சியும் போன பிறகுதான் அது தண்ணீர் குடிக்கும். முதல் நாளே ஒழுகுகிறது என்று துணியைக் குறை சொல்கிறவர்கள் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்கள்.

7. அலசுவதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு வாளி வை, ஒன்று மூத்திரத் துணிக்கு, ஒன்று பீத்துணிக்கு. ரெண்டுக்குப் போனால் கெட்டியானதைக் கக்கூசில் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசு. எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் கறை துணியிலேயே தங்கிவிடும். நாள் முழுக்க ஊறப்போடாதே, நாறும். எல்லாவற்றையும் அன்றன்றைக்கே சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நுரை நிற்கும்வரை அலசு. வயிற்றுப்போக்கு வந்த நாளில் அலசிய பிறகு வெந்நீரில் துவை. வாசனைக்காகப் போடுகிற கண்டிஷனர் வேண்டாம், இழையின்மேல் படிந்து துணி ஈரம் இழுக்காது. டெட்டால் ஊற்றினால்தான் சுத்தம் என்பதும் இல்லை, சரியாக அலசாவிட்டால் அதுவே தோலைக் கடிக்கும். பூந்திக்கொட்டை பட்டுப் புடவைக்குச் சரி, பீத்துணிக்குப் போதாது.

ஆற்றங்கரைக்கோ வாய்க்காலுக்கோ எடுத்துக்கொண்டு போகாதே. அம்மா மண்டபப் படித்துறையில் ஊரே முங்கிக் குளிக்கிறது. பச்சைப் பிள்ளைப் பீயில் என்ன இருக்கிறது என்பார்கள். வயிற்றுப்போக்கும் போலியோவும் பரவிய வழியே அதுதான்.

8. தண்ணீரைப் பார். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. திரிதிரியாகப் பிரிந்து துணியில் ஒட்டும், காய்ந்ததும் துணி அப்பளம் மாதிரி விறைக்கும். அந்த விறைப்புத்தான் பிள்ளையின் தொடையை உராயும். துவைப்பது போர் தண்ணீரில் என்றாலும் கடைசி அலசலுக்குக் கார்ப்பரேஷன் தண்ணீரைப் பிடித்து வை. அதுவும் இல்லையென்றால் துவைக்கிற தண்ணீரில் ஒரு ஸ்பூன் சலவைச் சோடா போடு, பிறகு நன்றாக அலசிவிடு.

9. வெயிலை விடாதே. மஞ்சள் கறை சோப்புக்குப் போகாதது மொட்டைமாடி வெயிலில் போகும். கவரை மட்டும் நிழலில் உலர்த்து, உச்சிவெயில் பூச்சைக் கெடுக்கும். ஆடிக்காற்றில் கிளிப் இல்லாமல் போட்டால் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபேன் கீழே கொடி கட்டு. அரை ஈரத்தை இஸ்திரி போட்டுக் காயவை, கவரில் மட்டும் பெட்டியை வைக்காதே. சாம்பிராணிப் புகையில் துணி காட்டும் பழக்கம் வேண்டாம், பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது.

பிறர் பார்ப்பார்கள் என்று கொல்லை மூலையில் காயப்போடாதே. பெண்கள் மாதவிடாய்த் துணியை ஒளித்துக் காயவைப்பதே நோய்க்கு வழி. 1987-ல் தொடங்கிய நம்ம திருச்சி கிராமாலயா, துணி நாப்கினை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்று பெண்களுக்குக் கற்றுத்தரும் அமைப்பு. அதன் நிறுவனர் தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தத் துணிக்கே வெட்கம் வேண்டாம் என்றால் பிள்ளைத் துணிக்கு வெட்கம் எதற்கு?

வெயிலில் காயவைப்பது பூமிக்கும் நல்லது. இங்கிலாந்தில் 2008-ல் அரசாங்கமே துணியையும் கடை டயப்பரையும் ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்தது. துணியைக் கொதிக்கும் சூட்டில் துவைத்து மிஷினிலேயே உலர்த்தினால் கடை டயப்பரைவிடப் பூமிக்குக் கெடுதல் அதிகம். மிஷின் நிறையச் சேர்த்துத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் போட்டால்தான் நன்மை என்று வந்தது. வெயில் குறைந்த ஊரிலேயே அப்படி. நமக்குச் சொல்லவா வேண்டும்?

10. டயப்பர் புண்ணுக்குத் துணி மட்டும் மருந்தாகாது. பகலில் இரண்டு மணிக்கொரு தரம் மாற்று, ரெண்டுக்குப் போனால் உடனே. தண்ணீரால் கழுவி, ஒற்றியெடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட விடு. பவுடர் கொட்டாதே, மூச்சில் போகும். க்ரீம் தடவினால் நடுவே ஒரு பழந்துணித் துண்டு போடு, இல்லாவிட்டால் க்ரீம் டயப்பரில் படிந்து ஒழுகும். தொடை மடிப்புக்குள் செக்கச்செவேலென்று, சுற்றிலும் பொட்டுப் பொட்டாகப் பரவினால் அது பூஞ்சை. கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டு, புத்தூர் பெரியாஸ்பத்திரியிலும் காட்டலாம்.

11. தம்பி, இது உனக்கு. அலசுகிற வேலையை நீ எடுத்துக்கொள். பால் கொடுக்கிறவளுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. காலையில் ஆபீஸ் போகுமுன் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். துணியை நிறுத்திவிட்ட வீடுகளில் காரணம் கேட்டுப் பார், வேலை முழுக்க ஒருத்தி தலையிலேயே விழுந்திருக்கும்.

12. கடை டயப்பரைப் பகையாக்காதே. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஜங்ஷனுக்கும் அலையும் நாளில், கல்யாண வீட்டில், காய்ச்சல் ராத்திரியில் அதைப் போடு. குற்ற உணர்ச்சி வேண்டாம். கழற்றியதைக் கக்கூசில் போட்டு அடைக்காதே. பீயைத் தட்டிவிட்டு, காகிதத்தில் சுற்றி, தனியாகக் கொடு. அப்படிச் சுற்றித் தர வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதியிலேயே சொன்னார்கள். விதி இல்லாவிட்டாலும், காலையில் குப்பை வண்டியோடு வந்து அதைக் கையால் பிரிக்கிற அந்த அம்மாவை நினைத்துச் சுற்று.

13. பிள்ளை கக்கூசில் தானாக உட்காரப் பழகியதும் துணியைத் தூக்கிப் போடாதே. கந்தலைத் தரை துடைக்க எடுத்துக்கொள். நல்ல கவர்களைத் துவைத்துக் காயவைத்து ஒரு பையில் கட்டி வை. அடுத்த பிள்ளைக்கோ நாத்தனார் பிள்ளைக்கோ ஆகும். அந்தப் பிள்ளைக்கு உங்கள் செலவு சோப்புத்தூள் மட்டும்தான்.