கழிச்சல் கண்ட கன்றுக்கு நீரே முதல் மருந்து

நெற்பயிரின் இலை உச்சி வெயிலில் சுருண்டு மாலையில் விரிந்தால் நாம் கவலைப்படுவதில்லை. விடியற்காலையிலும் இலை சுருண்டே இருந்தால் உடனே மடையைத் திறந்து விடுகிறோம். பயிர் எந்த நேரத்தில், எப்படி வாடுகிறது என்று பார்த்து நீர் பாய்ச்சுவது உழவர்களுக்குக் கைவந்த கலை. அதே கண்ணோட்டம் தொழுவத்தில் கட்டியிருக்கும் இளங்கன்றின் மீதும் விழ வேண்டும். பிறந்த முதல் மாதத்தில் இறக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை கழிச்சலால் இறக்கின்றன. கழிச்சலோடு உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும் உரிய நேரத்தில் ஈடு செய்யப்படாததே இந்தச் சாவுக்கு முக்கியக் காரணம். இதனை வீட்டிலேயே கண்டறியலாம். தொடக்க நிலையில் வீட்டிலேயே ஈடு செய்யவும் முடியும்.

நீர் இழப்பு என்றால் என்ன?

இளங்கன்றின் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு நீரே ஆகும். 25 கிலோ எடையுள்ள ஒரு கலப்பினக் கன்றின் உடலில் சுமார் 17 லிட்டர் நீர் இருக்கிறது. இதில் இரண்டரை லிட்டர் குறைந்தாலே, அதாவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, கன்றின் உயிர் ஊசலாடத் தொடங்கிவிடும். கடுமையான கழிச்சலில் ஒரே நாளில் இவ்வளவு நீரும் வெளியேறிவிடக் கூடும். காலையில் துள்ளிய கன்று மறுநாள் காலையில் எழ முடியாமல் கிடப்பது இதனால்தான்.

நீருடன் சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளும் வெளியேறுகின்றன. குருதியில் புளிப்புத்தன்மை மிகுகிறது. கன்று சோர்ந்து, பால் குடிக்கும் விருப்பத்தை இழக்கிறது. குடிக்காததால் இழப்பு மேலும் கூடுகிறது.

கண்டறியும் முறை

கன்றுக்குக் கழிச்சல் கண்டவுடன் நாளொன்றுக்கு மூன்று முறையாவது கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

1. கண்: நல்ல கன்றின் கண்விழி இமையோடு ஒட்டி, பளிச்சென்று இருக்கும். நீர் குறையும்போது விழி உள்வாங்கும். விழிக்கும் கீழிமைக்கும் இடையே ஒரு நெல்மணி நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் நிலைமை முற்றிவருகிறது என்று பொருள்.

2. தோல்: கழுத்தின் பக்கவாட்டில் தோலை இரு விரல்களால் பிடித்து மடித்து விட்டுவிடவும். நல்ல கன்றில் மடிப்பு உடனே மறையும். இரண்டு நொடிக்கு மேல் நின்றால் நீர் இழப்பு உண்டு. ஐந்து நொடிக்கு மேல் நின்றால் மிகக் கடுமையான இழப்பாகும். மெலிந்த கன்றில் நீர் குறையாவிட்டாலும் மடிப்பு மெதுவாகவே மறையும். ஆகவே கண்ணையும் தோலையும் சேர்த்தே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

3. வாய்: சுத்தமாகக் கழுவிய விரலைக் கன்றின் வாயில் விடவும். ஈறு ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும். கன்று விரலைச் சப்ப வேண்டும். ஈறு பிசுபிசுப்பாகவோ உலர்ந்தோ இருந்தால் நீர் குறைந்திருக்கிறது. வாய் குளிர்ந்து, சப்பும் உணர்வும் இல்லாவிட்டால் அது ஆபத்தான நிலையாகும்.

4. நடை: தொடக்கத்தில் கன்று சற்றுச் சோர்ந்திருக்கும், ஆனால் நிற்கும். அடுத்த நிலையில் தூக்கிவிட்டால்தான் நிற்கும். இறுதியில் தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். காதும் கால்களும் சில்லிட்டுப் போகும்.

சர்க்கரை வேண்டாம், குளுக்கோஸ் வேண்டும்

1971-ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் அமைந்த அகதி முகாம்களில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழியே ஏற்றும் திரவம் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். கழிச்சலின்போதும் குடலின் உட்சுவர் குளுக்கோசையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. அவற்றின் பின்னால் நீரும் உள்ளே செல்கிறது. வெறும் நீரைக் கொடுத்தால் இந்த அளவுக்கு உறிஞ்சப்படுவதில்லை. இதே முறைதான் கன்றுக்கும் பயன்படுகிறது.

ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குழந்தைகளுக்கு வீட்டில் சர்க்கரையும் உப்பும் கலந்து கொடுக்கிறோம். கன்றின் குடலில் கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி இல்லை. சர்க்கரையோ வெல்லமோ கரைத்துக் கொடுத்தால் அது செரிக்காமல் குடலில் தங்கி, கழிச்சலை மேலும் கூட்டிவிடும். எனவே கன்றுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியையே பயன்படுத்த வேண்டும்.

கரைசல் தயாரித்தல்

கொதிக்க வைத்து ஆறிய நீர் – 1 லிட்டர்
குளுக்கோஸ் பொடி – 20 கிராம் (சுமார் ஐந்து தேக்கரண்டி)
சமையல் உப்பு – மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி
ஆப்பசோடா – மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி

இவற்றை நன்கு கரைத்து, வெதுவெதுப்பான நிலையில் கொடுக்கவும். உப்பைக் குத்துமதிப்பாக அள்ளிப் போடக் கூடாது. உப்பு மிகுந்தாலும் கன்றுக்குத் தீங்கு நேரும். கரைசலை அன்றாடம் புதிதாகத் தயாரிக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு-நீர்க் கரைசல் பொட்டலத்தையும், அதன் மேல் குறித்துள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுக்கலாம்.

எவ்வளவு, எப்போது?

கண் சற்றே உள்வாங்கி, நின்று பால் குடிக்கும் 25 கிலோ கன்றுக்கு ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் வீதம் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை கரைசல் கொடுக்கலாம். இது வழக்கமான பாலுக்கு மேல் கொடுக்க வேண்டிய அளவாகும்.

கழிச்சல் கண்ட கன்றுக்குப் பாலை அடியோடு நிறுத்துவது பல வீடுகளில் இன்றும் வழக்கமாக இருக்கிறது. கரைசலில் உள்ள குளுக்கோஸ் மட்டும் கன்றுக்குப் போதிய ஆற்றலைத் தராது. பாலை நிறுத்தினால் கன்று மெலிந்து, நோயை எதிர்க்கும் வலிமையையும் இழக்கும். நாளொன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலை, மூன்று நான்கு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்து வர வேண்டும். ஆனால் கரைசலைப் பாலுடன் கலக்கக் கூடாது. ஆப்பசோடா சேர்ந்தால் பால் இரைப்பையில் சரியாகத் திரளாது. பாலுக்கும் கரைசலுக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுவது நல்லது.

ரப்பர் காம்பு பொருத்திய புட்டியில் கன்று தானே சப்பிக் குடிப்பதே சிறந்தது. சப்ப முடியாத கன்றின் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் ஊற்றக் கூடாது. கரைசல் மூச்சுக்குழாயில் சென்றால் நுரையீரல் அழற்சி ஏற்பட்டுக் கன்று இறக்க நேரிடும்.

மருத்துவரை எப்போது அழைப்பது?

கன்று சப்ப மறுத்தாலும், எழ முடியாமல் படுத்தாலும், வாயும் காதும் குளிர்ந்தாலும், கழிச்சலில் இரத்தம் கண்டாலும், கரைசல் கொடுத்தும் ஒரு நாளில் தெளிவு ஏற்படாவிட்டாலும் தாமதிக்கக் கூடாது. இந்நிலையில் நரம்பு வழியே திரவம் ஏற்றுவதே கன்றைக் காக்கும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை நாட வேண்டும், அல்லது 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க வேண்டும். நச்சுயிரி, நுண்ணுயிரி, குடற்புழு, அளவுக்கு மிஞ்சிய பால் எனக் கழிச்சலுக்குக் காரணங்கள் பல. ஆகவே தாமாக மாத்திரை வாங்கிக் கொடுப்பதைத் தவிர்த்து, மருத்துவர் சொல்லும் மருந்தையே கொடுக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

சீம்பாலே கன்றின் முதல் காப்பாகும். பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் முதல் சீம்பாலைக் கொடுத்துவிட வேண்டும். முதல் நாளில் மொத்தம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டும். சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருளை ஈர்க்கும் திறன் கன்றின் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள்வரைதான் உண்டு. நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருந்து சீம்பால் கொடுப்பது தவறாகும்.

தொப்புள்கொடிக்கு அயோடின் தடவவும். கன்று படுக்கும் இடம் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத் தரையில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி, நாள்தோறும் மாற்றவும். பால் கொடுக்கும் பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவவும். கழிச்சல் கண்ட கன்றைத் தனியே கட்டி, மற்றக் கன்றுகளைக் கவனித்த பின்னரே அதனைத் தொடவும். சில கழிச்சல் நோய்கள் மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையைச் சோப்பு போட்டுக் கழுவுவதும், சிறுவரை அருகில் விடாதிருப்பதும் அவசியம். குடற்புழு நீக்க மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் தவறாமல் கொடுக்கவும்.

“பால் குடிக்கும் கன்றுக்குத் தண்ணீர் எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. கன்று குடிக்கும் பால் பெருவயிற்றைத் தொடாமல் நேரே நான்காம் வயிற்றுக்குச் சென்றுவிடுகிறது. பெருவயிறு வளர்வதற்குத் தனியே குடிக்கும் நீர் தேவை. முதல் வாரத்திலிருந்தே ஒரு சிறு தொட்டியில் தூய நீர் எப்போதும் இருக்கட்டும். கத்திரி வெயில் நாட்களில் இது மேலும் இன்றியமையாதது. வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் கன்றைக் கட்டவும்.

இன்று பிறக்கும் கிடேரிக் கன்று, கறவைப் பசுவாகி வீட்டுக்குப் பால் தர இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலக் காத்திருப்பும் ஒரே இரவில் வீணாகிவிடக் கூடும். ஒரு பொட்டலம் குளுக்கோசும், ஆப்பசோடாவும், உப்பும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். கழிச்சல் கண்ட அன்றே கண்ணையும் தோலையும் பார்த்துக் கரைசலைக் கொடுத்தால், பெரும்பாலான கன்றுகளைக் காப்பாற்றிவிடலாம்.